ஐந்து நாள் லீவும் புதன்கிழமை மூன்றாவது பீரியடும்

கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை பிரேயரில் சுருதிப்பெட்டியை ஐந்து கட்டை சுருதியில் வைத்துவிட்டு வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றேன், அதுவும் இல்லை. முன்வரிசையில் நின்ற எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் முகத்தைப் பார்த்தாள், ஒரு நொடி யோசித்தாள், பிறகு அவளாகவே எடுத்துப் பாடிவிட்டாள். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள், தமிழ்த்தாய் வாழ்த்து நிற்காமல் முடிந்தது. நான் தொடையில் தாளம் மட்டும் போட்டுக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தவர், குரல் நாண் நன்றாக வீங்கியிருக்கிறது, இப்படியே பாடிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தால் முடிச்சு விழுந்துவிடும் என்றார். இரண்டு வாரம் பேசக் கூடாது, மெதுவாகக் கிசுகிசுப்பதும் கூடாது, அதுவும் தொண்டைக்குப் பாரம்தான் என்று சொல்லி அனுப்பினார்.

பள்ளியில் இசை வகுப்பு படும் பாட்டைப் பற்றியும் ஜனவரியில் நான் கேட்டிருக்கிற லீவைப் பற்றியும் பேச முடியாததால் எழுதுகிறேன். எந்த ஒரு பள்ளியையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. 17 வருடத்தில் இந்த மாவட்டத்தில் ஆறு பள்ளிகளில் பாட்டு டீச்சராக வேலை பார்த்துவிட்டேன், இப்போது வாரத்துக்கு மூன்று பள்ளிகள். நல்ல மனிதர்களோடுதான் வேலை பார்த்திருக்கிறேன். ஆனாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கிற ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இனி முடியாது.

திங்களும் செவ்வாயும் நாகர்கோவிலில், புதனும் வியாழனும் தக்கலை பக்கம், வெள்ளியும் சனிக்கிழமை காலையும் மார்த்தாண்டம். வடசேரியில் 6:50 பஸ்ஸைப் பிடித்தால்தான் மார்த்தாண்டத்தில் பிரேயருக்கு முன் போய் நிற்க முடியும். சாயங்காலம் வீட்டில் டியூஷன், எட்டு மணி வரை. ஓட்டம் நவராத்திரியில் தொடங்கும். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் நாள் வந்தாலே எனக்கு உடம்பு ஒரு தடவை கனக்கும். அதற்கப்புறம் நவம்பர் 1, மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள் விழா. பின்னாலேயே குழந்தைகள் தினம், கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது, கோட்டாறு சவேரியார் திருவிழா லீவு முடிந்த கையோடு கேரல்ஸ், ஜனவரியில் ஆண்டு விழா. மேடையைப் பிரித்துச் சாமியானாவை லாரியில் ஏற்றும்போதுதான் மூச்சு விடுவேன்.

வேலை அதிகம் என்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. இந்த ஓட்டத்தில் இசை வகுப்பு என்ற ஒன்று காணாமல் போய்விடுகிறது, அதற்காகத்தான். ஜூனிலிருந்து நவம்பர் வரை ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு எனக்குக் கிடைத்த பீரியடுகளை டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒன்று, புதன்கிழமை மூன்றாவது பீரியட். மொத்தம் 9 தான் நடந்திருக்கிறது. மற்றவை கணக்குக்கும் அறிவியலுக்கும் போயின, அல்லது வகுப்பில் நன்றாகப் பாடுகிற ஆறு பேரை மட்டும் ரிகர்சலுக்கு அனுப்பச் சொல்லி எனக்குச் சீட்டு வந்தது. மீதி 38 பிள்ளைகள் அந்த நேரத்தில் என்ன செய்தார்கள்? டெஸ்க்கில் தலை வைத்துப் படுத்திருந்தார்கள்.

ஒன்பது பீரியடில் என்ன சொல்லித்தர முடியும்? மாயாமாளவகௌளை ராகத்தில், பாட்டுக்கு அரிச்சுவடி மாதிரியான சரளி வரிசையில் முதல் மூன்று. அதுவும் ஒரு வாரம் சொல்லி, இரண்டு வாரம் விட்டு, அப்புறம் முதலிலிருந்து. ஆனால் அந்த மூன்று வரிசையை 44 பிள்ளைகளும் சேர்ந்து, ஒருவர் குரலை ஒருவர் காதால் பிடித்துக்கொண்டு பாடிய ஒரு புதன்கிழமை உண்டு. அதை நீங்கள் வந்து கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

அந்த வகுப்பில் ஒரு பையன். கடற்கரை கிராமத்திலிருந்து வருகிறவன். ஆறாம் வகுப்பில் ஐந்து கட்டையில் கணீரென்று பாடியவனுக்கு இந்த வருடம் மகரக்கட்டு உடைந்துவிட்டது. இந்த வயதில் ஆண் பிள்ளைகளுக்கு நடப்பதுதான், குரல்வளை வளர்கிறது, சுருதி கீழே இறங்குகிறது, நடுவில் சில மாதம் குரல் எங்கே போய் நிற்கும் என்று அவனுக்கே தெரியாது. போன வருட ஆண்டு விழாவில் முதல் வரிசையில் நின்றவனை இந்த வருடம், மக்ளே நீ சும்மா வாயசைத்தால் போதும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. புதன்கிழமை வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான், வாயைத் திறக்கவே இல்லை. அவன் கையைப் பிடித்து, ஆதி தாளம் எட்டு எண்ணிக்கையும் நீ போடு, மற்றவர்கள் உன்னைப் பார்த்துத்தான் பாட வேண்டும் என்றேன். லகு என்ற பகுதிக்கு நான்கு எண்ணிக்கை, துருதத்துக்கு இரண்டு, இன்னொரு துருதத்துக்கு இரண்டு. இரண்டாவது வாரமே பிசிறில்லாமல் போட்டான். மூன்றாம் காலத்தில், அதாவது நாலு மடங்கு வேகத்தில், மற்றவர்கள் எல்லோரும் ஓடினபோது அவன் கை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. அவனுக்கு இப்போது தேவைப்படுவது ஒரு வருடம் காத்திருக்கிற ஆசிரியர்தான். ஒன்றரைக் கட்டைக்கோ இரண்டு கட்டைக்கோ குரல் வந்து உட்கார்ந்ததும் அவனுக்கு வேறு ஒரு பாட்டு கிடைக்கும். நடுவில் "உனக்குப் பாட்டு வராது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், நாற்பது வயதிலும் அவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான். அப்படிச் சொல்கிற அப்பாக்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

பாட்டுக்குப் பஞ்சமான ஊரா இது? என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் சர்ச் பாடகர் குழுவில் நின்றவர்கள், இரண்டு குரலாகப் பிரிந்து பாட அவர்களுக்கு ஆறு வயதிலேயே தெரியும். இன்னும் கொஞ்சம் பேர் மார்கழி பஜனையில் ஜால்ரா தட்டி வளர்ந்தவர்கள். அம்மன் கோயில் கொடைக்கு ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு கேட்டுவிட்டு மறுநாள் தூக்கக் கண்ணோடு பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு, வீசுகோல் வில்லில் விழும் இடமும் குடத்தில் அடி விழும் இடமும் யாரும் சொல்லித்தராமலே தெரிகிறது. சுசீந்திரம் கோயிலில் ஒரே கல்லில் குடைந்த தூண்களைத் தட்டினால் தனித்தனி நாதம் வரும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. கீர்த்தனைகள் இயற்றிய நீலகண்ட சிவன் பத்மநாபபுரத்தில் இருந்துதான் பாடினார். பிள்ளைகளுக்காகப் பாட்டு எழுதிய கவிமணி நம் தேரூர்க்காரர், அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். இத்தனை இருக்கிற ஊரில், பள்ளியில் மட்டும் பாட்டு என்பது கூட்டத்துக்கு முன்னால் ஓடவிடுகிற ஒன்றாக ஆகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, அரசாணையிலேயே இருக்கிறது, அதை 55 விநாடியில், முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில் பாட வேண்டும், இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்று. ஆனால் விழாவில் நேரமில்லை என்று பென் டிரைவைத்தான் மாட்டுகிறோம். ஆயிரம் பிள்ளைகள் நிற்கிற மைதானத்தில் பாடினால் பின்வரிசை இழுக்கும், கடைசி வரி இரண்டு தடவை கேட்கும், உண்மைதான். ஆனால் பிரேயருக்கு முன் பத்து நிமிடம் தந்தால் ஒரே மாதத்தில் அதைச் சரிசெய்துவிடலாம், நான் செய்து பார்த்திருக்கிறேன், 57 விநாடி வரைக்கும் கொண்டுவந்தேன்.

கரோக்கி விஷயமும் அப்படித்தான். ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் முன்னால் ஒரு சினிமாப் பாட்டு டிராக்கைக் கையில் தருகிறீர்கள், சிறப்பு விருந்தினருக்குப் பிடித்த பாட்டு என்கிறீர்கள். அந்த டிராக் பெரிய ஆள் குரலுக்குச் செய்தது, பிள்ளைகளுக்கு ஒன்று மேலே எட்டாது, இல்லையென்றால் கீழே இறங்காது. நான் ராத்திரி உட்கார்ந்து போனில் சுருதியை மாற்றி, மறுநாள் அறுபது பேரை ஹாலில் நிறுத்தி, மைக் இல்லாமல் பாடிக் காட்டி, பக்கத்தில் டான்ஸ் ரிகர்சல் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, அதற்கு மேலே கத்தித்தான் என் தொண்டை இந்த நிலைக்கு வந்தது. மூன்று வாரம் முன்னாடி சொல்லுங்கள். பாட்டை முடிவு செய்தபின் மாற்றாதீர்கள். ஒரு சின்ன மைக் வாங்கிக் கொடுங்கள். வேறு எதுவும் பெரிதாகக் கேட்கவில்லை.

ஹார்மோனியத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. உப்புக் காற்று அடிக்கிற பள்ளிகளில் ரீடு சீக்கிரம் சுருதி விலகிவிடும், துருத்தி பூச்சி பிடிக்கும். ஒரு பள்ளியில் மத்யமக் கட்டை அழுத்தினால் எழும்பாது, ஒரு பக்கம் பாடிக்கொண்டே இன்னொரு கையால் அதை நிமிண்டி எடுத்துவிடுவேன். வருடத்துக்கு ஒரு தடவை பழுது பார்க்க ஆள் கூப்பிட்டால் போதும்.

என்னோடு இசை படித்த தோழி 2012-இல் அரசுப் பள்ளியில் பகுதி நேர ஆசிரியராகச் சேர்ந்தாள், வாரம் மூன்று அரைநாள், தொடக்கச் சம்பளம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அவளும் இதையேதான் சொல்கிறாள், காசைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், டைம்டேபிளில் என் பெயருக்கு எதிரே இருக்கிற கட்டத்தை மற்றவர்கள் காலியிடமாக நினைப்பதைத்தான் தாங்க முடியவில்லை என்று.

எனக்கு ஒரு மகள், ஒன்பதாம் வகுப்பு. நன்றாகப் பாடுவாள். வர்ணம் என்கிற பயிற்சிப் பாட்டு ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது, இரண்டாவது வர்ணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் எட்டரை மணிக்கு என் தொண்டையில் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. அம்மா நாளைக்குச் சொல்லித் தா என்று அவள் சொல்வதைக்கூட இப்போதெல்லாம் விட்டுவிட்டாள். அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

அதனால்தான் ஜனவரியில் ஐந்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். திருவையாற்றுக்குப் போகிறேன், மகளையும் கூட்டிக்கொண்டு. தியாகராஜர் 1847-இல் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமி என்கிற தேய்பிறைத் திதி அன்று காவிரிக்கரையில் பந்தலில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ராகங்களில் அவர் செய்த ஐந்து கிருதியையும் சேர்ந்து பாடுவார்கள். ஒரு காலத்தில் பெண்களை அங்கே பாட விடமாட்டார்கள். பாடகி பெங்களூர் நாகரத்னம்மாள் தன் சொத்தைச் செலவழித்து அந்தச் சமாதியில் கோயில் கட்டி, பெண்களையும் உட்கார்ந்து பாட வைத்தார். படிக்கிற காலத்தில் என் குருவோடு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். அப்புறம் ஒவ்வொரு வருடமும் ஆண்டு விழா ரிகர்சல் வந்துவிடும்.

ஒரு பள்ளியில், விழா முடிந்த பிறகு போகலாமே டீச்சர் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் பஞ்சமியை நான் தள்ளிவைக்க முடியாது. டிக்கெட் போட்டாகிவிட்டது, நாகர்கோவிலிலிருந்து இரவு ரயிலில் திருச்சி, அங்கிருந்து பஸ்ஸில் தஞ்சாவூர், இன்னொரு பஸ் ஏறினால் திருவையாறு. அதற்குள் குரல் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். சரியாகாவிட்டாலும் போவேன். ஐந்து கிருதியும் ஆதி தாளம்தான், கூட்டத்தில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருப்பேன், யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல், யாரையும் அமைதியாக இருங்கள் என்று சொல்லாமல், ஒரு காலை முழுக்க பாட்டுக்குள்ளே இருந்துவிட்டு வருவேன். மகள் பாடட்டும்.

நான் இல்லாத நாட்களில் பிரேயரை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், சுருதிப்பெட்டியை எப்படி வைப்பது என்று காட்டிக் கொடுத்திருக்கிறேன். பென் டிரைவ் வேண்டாம், தயவுசெய்து. ஆண்டு விழாப் பாட்டு இரண்டையும் இந்த வாரமே முடிவு செய்து எழுதி அனுப்பினால் போவதற்கு முன்னாலேயே பாதி பழக்கிவிடுவேன். திங்கள்கிழமை திரும்பிவிடுவேன். புதன்கிழமை மூன்றாவது பீரியட் ஏழாம் வகுப்பு பி பிரிவு, 44 பேரும், அந்தப் பையனும் சேர்த்து. அதை யாருக்கும் கொடுத்துவிடாமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாட்டு டீச்சர்