பெயிண்டுக்கு முன்னால் துரு

ஹாமில்ட்டன், ஒன்டாரியோ

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது?

போனில் பாதியில் நின்றுபோன பேச்சை விவரமாக எழுதுகிறேன். அப்பாவின் அம்பாசிடர் காரை அடியோடு கழற்றிப் போட்டிருப்பதாகவும், அடிப்பாகங்களைக் கழுவிவிட்டுக் கறுப்பு பெயிண்ட் அடித்தால் போதும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வதாகவும் சொன்னீர்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். துருவின் மேல் அடித்த பெயிண்ட் துருவோடு சேர்ந்தே பெயர்ந்து வரும்.

இங்கே பனிக்காலத்தில் ரோடு முழுக்க உப்பு கொட்டுகிறார்கள். குளிர் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் வெறும் உப்பு அவ்வளவாகப் பலன் தராது, கால்சியம் குளோரைடு கரைசலும் தெளிப்பார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்வதால், படிந்த இடம் லேசில் காயாது. பனி முடிந்து லிஃப்டில் ஏறும் கார்களைப் பார்த்தால் வயிறு எரியும். நம்ம குளச்சல் பக்கம் இதே வேலையைக் கடல்காற்று வருஷம் முழுக்கச் செய்கிறது. போதாததற்கு இரண்டு மழைக்காலம் வேறு.

இப்போது எங்கள் பட்டறையில் 1983 மாடல் மெர்சிடிஸ் ஒன்று நிற்கிறது. அதன் பின்பக்க டிரெய்லிங் ஆர்மை, அதாவது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையை, சரிசெய்வது என் பொறுப்பு. கிரீஸும் மண்ணும் சேர்ந்து பொருக்காகிப் போயிருந்தன. முதலில் அதைச் சுரண்டிக் கழுவி எண்ணெய்ப் பசையை எடுத்தேன், பிறகு மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையங்களான புஷ்களைப் பிரஸ்ஸில் தள்ளி வெளியே எடுத்தேன். அதற்கப்புறம்தான் பிளாஸ்டிங், அதாவது காற்றின் வேகத்தில் மணலை அடித்துத் துருவை எடுப்பது. அதற்கு கார்னெட் மணல்தான் போடுகிறோம். ஆற்று மணல் வேண்டவே வேண்டாம் அண்ணா, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுத்துவிடும். துரு போனதும் சாம்பல் நிற இரும்பில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரிந்தன. அந்த நிலையில் வெறுங்கையால் தொட்டாலே விரல் பட்ட இடம் சீக்கிரம் சிவக்க ஆரம்பிக்கும். அதனால் கையுறை போட்டு, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிடுகிறோம்.

பெயிண்டைப் பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட்டிங் பார்க்க அழகுதான். ஆனால் 200 டிகிரி சூட்டில் வேகவைப்பார்கள், புஷ் உள்ளே இருந்தால் பாழ். கல் பட்டு ஒரு இடத்தில் பெயர்ந்தால் தண்ணீர் அடியில் ஊர்ந்து போவதும் வெளியே தெரியாது. எபாக்ஸிக்கு மேல் நல்ல பெயிண்ட் அடித்தால் பின்னால் டச்சப் பண்ணலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். பெயிண்ட் காய்ந்ததும் உள்ளே பொள்ளலாக இருக்கும் இடங்களில் நீளக் குழாய் வைத்துத் துருத்தடுப்பு மெழுகு அடியுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கை (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) ஒவ்வொரு பிளேட்டாகப் பிரித்துவிடுங்கள். ஆசிட்டில் போட்டால் சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்பிரிங் ஸ்டீலுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் வளைய வேண்டிய பிளேட், லோடு ஏறும்போது உடைந்துவிடும். கம்பி பிரஷும் உப்புத்தாளும் போதும், நேரம்தான் ஆகும். பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் கிராஃபைட் கிரீஸ் தடவுங்கள். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட் புதிதாகவே வாங்குங்கள், கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடி முறுக்குங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நின்று பாரம் இறங்கிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

படகுக்கு அடிக்கும் எபாக்ஸி பிரைமர் குளச்சல் பக்கம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். எப்படியும் இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்னால் வேலை முடிய வேண்டும்.

இன்னொன்று. பின் ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட்டைச் சுற்றி பாடித் தகட்டை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முதலில் வெல்டிங்தான், பெயிண்ட் பேச்சே வேண்டாம். அந்த இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பிரைமருக்கும் மெழுகுக்கும் ஆகும் பணத்தை இந்த மாதச் சம்பளம் வந்ததும் அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி