ஒரு வருடப் பிரதமரைப் பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

முதல்தர கிரிக்கெட் ஆடிய ஒரே பிரிட்டிஷ் பிரதமர் அலெக் டக்ளஸ்-ஹியூம் என்று எழுதியிருந்தாய். சரிதான். மிடில்செக்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் என்று மொத்தம் 10 ஆட்டங்கள். ஆனால் அதோடு நிற்காமல், "மற்றபடி அவரிடம் சரக்கில்லை, பிரபு என்பதால் பதவி மடியில் விழுந்தது" என்று முடித்துவிட்டாயே, அங்கேதான் எனக்கு உன்னோடு தகராறு.

மடியில் விழுந்தது உண்மைதான். 1963 அக்டோபரில் அன்றைய பிரதமர் மேக்மில்லன் ஆஸ்பத்திரியில் படுத்தபடி ராஜினாமா செய்தார். அவருடைய கட்சியில் பட்லர், ஹெய்ல்ஷாம், மாட்லிங் என்று ஆளாளுக்கு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய கன்சர்வேட்டிவ் கட்சியில் தலைவருக்கு ஓட்டெடுப்பு கிடையாது. பெரிய தலைகள் உள்ளுக்குள் விசாரித்து ஒரு பெயரைச் சொல்வார்கள். வெளியுறவு அமைச்சராக இருந்த 14ஆவது ஹியூம் பிரபுவின், அதாவது நம் டக்ளஸ்-ஹியூமின், பெயர் வந்தது. இவருக்குக் கீழே அமைச்சராக இருக்க முடியாது என்று சக அமைச்சர்கள் மெக்லியோடும் பவலும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

இன்னொரு கூத்தைக் கேள். பிரதமர் மக்கள் சபையில் இருப்பதுதான் வழக்கம்; பிரபுவாக இருப்பவர் அங்கே உறுப்பினராக முடியாது. பிரபு பட்டத்தைத் துறக்க வழிசெய்த சட்டம் அதே வருடம் ஜூலையில்தான் வந்திருந்தது. அதற்காக மல்லுக்கட்டியவர் தொழிற்கட்சியின் டோனி பென். அவர் வெட்டிய கிணற்றில் ஹியூம் தண்ணீர் குடித்தார்! அக்டோபர் 23 அன்று பட்டத்தை விட்டார். நவம்பர் 7 அன்று ஸ்காட்லாந்தில் நடந்த இடைத்தேர்தலில் ஜெயித்து மக்கள் சபைக்கு வந்தார். நடுவில் இரண்டு வாரம், நாடாளுமன்றத்தின் எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லாத ஒருவர் பிரதமர்.

'14ஆவது பிரபு' என்று தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன் விடாமல் குத்தினார். யோசித்துப் பார்த்தால் திரு. வில்சனும் 14ஆவது திரு. வில்சன்தானே என்றார் ஹியூம். எனக்குப் பிடித்த பதில் இது. ஆனால் டிவி அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஒரு முறை மேக்கப் போட்ட பெண்ணிடம், என்னை இன்னும் கொஞ்சம் நன்றாகக் காட்ட முடியாதா என்று கேட்டிருக்கிறார். முடியாது, உங்கள் தலை மண்டையோடு மாதிரி இருக்கிறது என்றாளாம். எல்லாருக்கும் அப்படித்தானே என்று இவர் கேட்க, "இல்லை" என்று அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இதை அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பொருளாதாரக் கணக்கைப் புரிந்துகொள்ள தீக்குச்சிகளை அடுக்கிப் பார்ப்பேன் என்று முன்பு ஒரு பேட்டியில் வேறு உளறியிருந்தார். எதிர்க்கட்சி விடுமா? அப்படியும் 1964 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 317 இடங்கள், இவர் கட்சிக்கு 304. கட்சி 13 வருடம் ஆண்டு களைத்திருந்த நேரம். படுதோல்விதான் வரும் என்று பலர் நினைத்திருந்தார்கள்.

நான் அவரை மதிப்பது தோற்ற பிறகு செய்ததற்காக. 1965இல் கட்சித் தலைவரை எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். தான் எந்த வழியாக வந்தாரோ அந்த வழியையே அடைத்தார். அப்புறம் அந்த வருட ஜூலையில் தானே விலகினார். புது முறையில் எட்வர்டு ஹீத் ஜெயித்தார்.

ஒதுங்கிப் போகவும் இல்லை. 1970இல் பிரதமரான ஹீத்தின் கீழேயே மறுபடி வெளியுறவு அமைச்சர். மறு வருடம் உளவு பார்த்ததாகச் சொல்லி 105 சோவியத் அதிகாரிகளுக்குக் கதவடைத்தது பிரிட்டன். அப்போது அந்தத் துறை இவர் கையில். பிரதமராக இருந்த ஒரு வருடத்தைவிட இந்த நான்கு வருடங்களில்தான் ஆள் நிம்மதியாக வேலை பார்த்தார் என்பது என் கணிப்பு. உனக்கு மாற்றுக் கருத்து இருந்தால் எழுது.

அன்புடன்,
அண்ணன்