குருத்தை மட்டும் கேட்காதே

பட்டுக்கோட்டை
பங்குனி 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் நலமாக இருக்கிறார்களா? அவனுக்கு இருமல் விட்டதா, ராத்திரி பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் கொடுத்தாயா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். போனில் நாலு தரம் கேட்டாயிற்று என்றாலும் கடிதத்திலும் கேட்க வேண்டுமாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. பேரன் பள்ளியில் இளவேனில் விழா, ஜன்னலில் தொங்கவிட பிளாஸ்டிக் கலக்காத அலங்காரம் வீட்டிலேயே செய்து வரச் சொன்னார்கள் என்றாய். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம், "நாலு தென்னங்குருத்து வெட்டி கூரியரில் அனுப்புங்கப்பா, நம்ம ஊர்த் தோரணமே கட்டிடலாம்" என்றாய். அங்கேதான் எனக்கு வாய் வரவில்லை.

பச்சை இலை தழை எதையும் நீங்கள் இருக்கும் ஜெர்மனிக்கு அனுப்ப முடியாது என்று கூரியர் கடையில் சொல்லிவிட்டார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அனுப்பலாம் என்றே சொல்லியிருந்தாலும் நான் குருத்து வெட்டியிருக்க மாட்டேன். ஏன் என்று போனில் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

2017 வைகாசியில் உன் கல்யாணப் பந்தல் ஞாபகம் இருக்கிறதா? வாசலில் இருந்து ரோடு வரைக்கும் குருத்தோலைத் தோரணம். சித்தப்பாவும் நானும் நம் தெரு ஆட்களும் ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து மடித்தோம். ஒரு ஓலைக்கு நாலு குருவி மடிப்பு. நல்ல காரியத்துக்கு நாலு, துக்கத்துக்கு மூன்று என்பது எங்கள் அப்பா கற்றுக்கொடுத்த கணக்கு. தூக்கத்தில் ஒருத்தர் மூன்று மடித்துவிட்டார் என்று பெரியத்தை போட்ட சத்தத்தில் பந்தலே எழுந்து உட்கார்ந்தது. அந்தத் தோரணத்துக்கு எத்தனை மரத்துக் குருத்தை இறக்கினோம் என்று நான் எண்ணவில்லை. அப்போது 140 மரம் நின்றது, எண்ணத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் நவம்பர் 16, விடிவதற்கு முன்னால் கஜா புயல் வந்தது. காலையில் கதவைத் திறந்தால் தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. ஒன்பது மரம் நின்றது. பேராவூரணிப் பக்கமும் ஒரத்தநாட்டுப் பக்கமும் எல்லோருக்கும் இதே கதைதான், எனக்கு மட்டும் என்று சொல்லி அழ முடியாது. ஆனால் விழுந்த மரங்களின் மேல் ஏறி நடந்தபோது, கொண்டைகள் எல்லாம் தரையில் கிடக்க, கைக்கு எட்டுகிற உயரத்தில் குருத்து. அத்தனை தோரணத்துக்கும் ஆகிற குருத்து. யாரும் தொடவில்லை.

நீ 2019இல் லீவில் வந்தபோது நட்ட கன்றும் சேர்த்து இப்போது 90 கன்று ஏழாவது வருஷத்தில் நிற்கிறது. சிலது பாளை, அதாவது பூக்குலை, விட ஆரம்பித்துவிட்டது. தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை விடும். ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு பாளை. குருத்தை வெட்டினால் ஒரு மட்டை போச்சு, அந்தப் பாளைக்குச் சோறு போடுகிற கை போச்சு. முப்பது வருஷத்து மரம் தாங்கிக்கொள்ளும். இளங்கன்று அப்படி இல்லை.

இதோடு வண்டு வேறு. விழுந்த மரங்களை அப்புறப்படுத்த ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் கிடந்து உளுத்துப்போனதில் காண்டாமிருக வண்டு பெருகிவிட்டது. அது குருத்துக்குள் துளைத்து இறங்கும். குருத்து விரியும்போது ஓலை விசிறி மாதிரி வரிசையாக வெட்டுப்பட்டு வரும். சொன்னால் சிரிப்பாய், சித்தப்பா கத்தரிக்கோலால் வெட்டுவதைவிட அது நேர்த்தியாக இருக்கும்! வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மட்டை இடுக்கில் போட்டு வருகிறேன். வண்டிடம் இருந்து காப்பாற்றுகிற குருத்தை நானே அரிவாளால் வெட்டுவதா?

சரி, தோரணத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் அலங்காரம் என்பதே பெரும்பாலும் மரம் செடி விட்டுக்கொடுத்த பொருளில்தான். பந்தக்காலில் கட்டுகிற வாழைமரத்தைப் பார். குலை தள்ளின வாழை மறுபடி காய்க்காது, அடியில் பக்கக்கன்று ரெடியாக நிற்கும். அதை வெட்டினால் பாவமில்லை. (குலை முற்றுவதற்கு முன்னாலேயே வெட்டிக் கல்யாண மண்டபத்துக்கு விற்பது வேறு கணக்கு, அதில் நான் தலையிடவில்லை.) வெட்டின மரத்தின் பட்டையை உரித்து நாராக்கினால் பூத்தொடுக்க ஆச்சு. தை மாதம் சம்பா அறுப்பில் ஒரு பிடி கதிரைத் தனியாக எடுத்து வைத்தால் சித்திரைக்கு வாசலில் நெற்கதிர்த் தோரணம். கதிர் முழுக்கப் பழுத்துவிட்டால் பின்னும்போது மணி கொட்டிவிடும், ஒரு வாரம் முன்னாலேயே அறுக்க வேண்டும். காய்ந்த தாளைத் தண்ணீரில் நனைத்துப் பின்னினால் முறியாது. இந்த வருஷமும் அம்மா ஒரு குஞ்சம் பின்னி நிலைப்படிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். மாட்டின மூன்றாம் நாள் குருவி பாதியைத் தின்றுவிட்டது. மாட்டுவதே அதற்குத்தான், ஆனாலும் அவளுக்கு வருத்தம், போட்டோ எடுக்கவில்லையாம்.

உனக்குக் குருத்துக்குப் பதிலாக இந்தப் பெட்டியில் நெட்டி வைத்திருக்கிறேன். தஞ்சாவூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய கோயில் விற்பார்களே, உன் கல்யாணத்துக்குக்கூட இரண்டு வந்ததே, அந்த நெட்டிதான். குளத்திலும் ஏரியிலும் தண்ணீரில் வளருகிற செடியின் தண்டு. காயவைத்து மேல்தோலைச் சீவினால் உள்ளே பால் வெள்ளை. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் போடும் நெட்டி மாலையும் இதில்தான். சின்ன வயதில் நீ அதை மாட்டிடம் இருந்து அவிழ்த்து உன் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தாய்.

பார்க்கத் தெர்மாகோல் மாதிரியே இருக்கும். ஆனால் தெர்மாகோல் செய்கிற வேலையைச் சொல்லவா? இரண்டு வருஷம் முன்னால் நம் தெருவில் ஒரு காதணி விழா. மேடை அலங்காரத்துக்கு வந்தவர்கள் தெர்மாகோலில் மயிலும் தாமரையும் செய்து வைத்தார்கள். அலங்காரத்துக்குத் தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை, கேட்டால் பழைய சரக்கு என்றார்கள். விழா முடிந்து மயிலை உடைத்துக் கொல்லையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆடிக் காற்றில் அது உதிர்ந்து குளத்தில் இறங்கி, படித்துறை ஓரம் வெள்ளைப் பொரி மாதிரி மிதந்தது. மீன் அதைப் பொரி என்று நினைத்துக் கொத்தியது. வலை போட்டு அள்ளினோம், முழுசாக வரவில்லை.

நெட்டியைப் பிளேடால் நீ வெட்டிக் கொடு, பேரன் கையில் பிளேடு வேண்டாம். சுண்டுவிரல் கனத்துக்கு வில்லை வில்லையாக நறுக்கினால் அவன் ஊசி நூலில் கோத்துவிடுவான். ரொம்ப அழுத்தினால் நசுங்கிவிடும். சாயத்தை நன்றாகக் குடிக்கும். மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கினால் மஞ்சள். அதே தண்ணீரில் சிட்டிகை சுண்ணாம்பு போட்டால் ஆரத்திச் சிவப்பு, பேரன் கண் முன்னால் போட்டுக் காட்டு, மந்திரம் என்று நினைப்பான். அங்கே சுண்ணாம்புக்கு எங்கே போவது என்று கேட்காதே, இட்லிக்கு வாங்கி வைத்திருக்கும் சோடா உப்பைப் போடு. ஆரத்திச் சிவப்பு வராது, செங்கல் நிறம் வரும், போதும். மஞ்சள் வெயிலில் ஓடிவிடும். உங்கள் ஊர் வெயிலுக்குப் பத்து நாளாவது நிற்கும் என்று நினைக்கிறேன்.

ஒட்டுவதற்குப் பசை வாங்காதே. பட்டம் ஒட்ட நாம் பயன்படுத்துவது சோற்றுப் பருக்கைதானே. அழுத்தி ஒட்ட வேண்டுமானால் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக்கொள்.

மாவிலைக்குப் பதிலாக என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டாயாம். மாவிலை பறித்த பிறகும் சீக்கிரம் வாடாது, அதனால்தான் தோரணத்துக்கு அது. உன் சமையலறையில் பிரிஞ்சி இலை இருக்குமே, அதுவும் கெட்டி இலைதான். மடித்தால் உடையும், காம்புப் பக்கம் ஊசியால் துளைத்து நூலில் கோத்துவிடு. ஜன்னலோரம் தொங்கினால் வாசமும் வரும், விழா முடிந்ததும் குருமாவில் போட்டுக்கொள்ளலாம். இது என் யோசனைதான், அம்மா முகம் சுளித்தாள். கடையில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் வாங்கி வருஷம் முழுக்கத் தூசியோடு வாசலில் தொங்கவிட்டிருப்பவர்களைவிட இது எவ்வளவோ மேல்.

நீங்கள் குச்சிகளை ஜாடியில் வைத்து உள்ளீடு எடுத்த முட்டை ஓட்டைக் கட்டித் தொங்கவிடுவதை வீடியோவில் காட்டினாய். அதற்கும் சாயம் வாங்க வேண்டாம், சாம்பாருக்கு உரித்த வெங்காயத் தோலைச் சேர்த்து வைத்துக் கொதிக்கவைத்தால் ஓடு செம்பழுப்பாக ஏறும். நம் வீட்டு வாசலில் முட்டை ஓடு கட்டினால் கண்ணேறு கழிக்கக் கட்டினது என்று ஊர் நினைத்துக்கொள்ளும், அங்கே பரவாயில்லை.

அந்தக் குச்சியை வைத்துத்தான் ஒன்று யோசித்தேன். போன வருஷம் நீயே சொன்னாய், அங்கே மார்ச் 1இல் இருந்து செப்டம்பர் 30 வரை செடி வேலியையும் புதரையும் ஒட்ட வெட்டக் கூடாது, சட்டமே இருக்கிறது, பறவை கூடு கட்டுகிற காலம் என்று. வில்லோ மரத்தின் பஞ்சு மொட்டு பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் உடைத்து எடுக்காதே என்று பேரனிடம் நீ சொன்னதாகவும், குளிர் முடிந்து வெளியே வரும் தேனீக்கு முதல் சோறு அதுதான் என்றும் சொன்னாய். கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆகையால் நான் ஏன் குருத்து தரவில்லை என்பது உனக்குப் புரியும்.

மடிக்கிற விதத்தை மறந்துவிடாதே, அது வேறு விஷயம். தானாகக் காய்ந்து விழுந்த அடிமட்டையின் ஓலையிலேயே, நனைத்து, நாலு குருவி மடித்து ஒன்று பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். குருத்தின் வெண்மை இல்லை, பழுப்பாக இருக்கிறது, ஒரு குருவிக்கு மூக்கும் கிழிந்துவிட்டது. பிரித்துப் பார், அதே மடிப்பில் காகிதத்திலும் வரும். ஈர்க்குச்சி ஒரு கட்டு வைத்திருக்கிறேன். மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்குமே, அந்தப் பன்னாடையும் வைத்தேன், கூரியர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

நீ நட்ட கன்று வாய்க்கால் பக்கம் மூன்றாவது. ஜனவரி 28இல் மேட்டூர் அணையை மூடியதில் இருந்து வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது, போர்வெல் தண்ணீர்தான் பாய்ச்சுகிறேன். அந்தக் கன்றில் முதல் பாளை வெடித்து, பிஞ்சுக் குரும்பை கொஞ்சம் உதிர்ந்தது. முதல் பாளையில் உதிரத்தான் செய்யும், கவலை இல்லை. உதிர்ந்ததைப் பொறுக்கி ஈர்க்குச்சி செருகிப் பேரனுக்கு ஒரு தேர் செய்தேன். அதுவும் அனுப்பக் கூடாதாம். திண்ணை மாடத்தில் வைத்திருக்கிறேன். நீங்கள் ஆடியில் வருவதற்குள் சக்கரம் சுருங்கிவிடும், மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பெட்டியில் ஊறுகாய் பாட்டிலைச் சுற்றியிருப்பது வைக்கோல். பிரிக்கும்போது கீழே கொட்டினால் என்னைத் திட்டாதே, அம்மா சுற்றினது.