வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டுப் பயண எச்சரிக்கை எழுதி, வரைபடத்தில் ஆபத்தான இடங்களுக்கு வண்ணம் தீட்டும் அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். குடிமக்களை எச்சரிப்பது உங்கள் கடமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆபத்து எந்த மாவட்டத்தில் என்று எழுதுங்கள். அதை எந்தத் தேதியில் மறுபடி பரிசீலிப்பீர்கள் என்றும் எழுதுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

'அத்தியாவசியமில்லாத பயணம் வேண்டாம்' என்ற ஒற்றை வரி என்ன செய்யும் என்பது நீங்கள் அறியாததல்ல. அன்றிலிருந்து அதை மீறிப் போவோரின் பயணக் காப்பீடு பெரும்பாலும் செல்லாமல் போகும். சுற்றுலா நிறுவனங்கள் பயணங்களை ரத்து செய்யும். ரத்தானால் 14 நாளில் முழுப் பணமும் பயணிக்குத் திரும்ப வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. நல்ல விதிதான். ஆனால் நிறுவனம் அந்தப் பணத்துக்கு ஓட்டல்காரரின் கழுத்தைப் பிடிக்கும். அவர் வாங்கிய முன்பணமோ சீசனுக்கு முன்பே வெள்ளையடிக்கவும் மெத்தை மாற்றவும் சம்பளம் கொடுக்கவும் கரைந்திருக்கும். போன மாதம் தங்கிப் போன குழுக்களுக்காக நிறுவனம் அவருக்குத் தர வேண்டிய பாக்கியும் கடன் கணக்கில் நிற்பதால், அதையும் பிடித்து வைத்துக்கொள்வார்கள். முதலில் வேலை போவது துணி வெளுப்பவருக்கும் பெட்டி தூக்குபவருக்கும்.

எச்சரிக்கையை நீக்கியதும் எல்லாம் திரும்பிவிடாது. விமான அட்டவணை மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும்தான் மாறுகிறது. வேறு தடத்துக்குப் போன விமானம் பெரும்பாலும் அடுத்த சீசனுக்குத்தான் வரும். இரண்டு வார எச்சரிக்கை அரை ஆண்டு வருமானத்தை விழுங்குவது இப்படித்தான்.

வட ஆப்பிரிக்காவின் துனிசியாவுக்கு எச்சரிக்கை நீடித்தது இரண்டு வாரம் அல்ல, இரண்டு ஆண்டு. 2015 ஜூன் 26 அன்று அங்கே சூஸ் நகரக் கடற்கரையில் பயங்கரவாதி சுட்டு 38 பேர் கொல்லப்பட்டார்கள். 30 பேர் பிரிட்டன்காரர்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் ஜூலை 9 அன்று பிரிட்டன் நாடு முழுவதற்கும் விடுத்த எச்சரிக்கை தளர்ந்தது 2017 ஜூலை 26 அன்று. அதே 2015 நவம்பரில் பாரிசில் பயங்கரவாதத் தாக்குதலில் 130 பேர் மாண்டபோது பிரான்சுக்கு அப்படி எழுத பிரிட்டனுக்குக் கை வரவில்லை.

பழி முழுவதும் உங்களுடையதல்ல. 2014-இல் எபோலா நோய் பரவியது மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோனில். முன்பதிவுகளை இழந்தவை கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யா, தான்சானியாவில் உள்ள சஃபாரி முகாம்கள். லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவிலிருந்து கென்யத் தலைநகர் நைரோபியைவிட ஸ்பெயினின் மாட்ரிட் பக்கம். நோய் தொற்றிய செவிலியர் ஒருவர் இருந்ததும் மாட்ரிட்டில்தான். ஆப்பிரிக்கா ஒரே ஊர் என்று நினைத்த பயணிகளுக்கு அளவுகோல் வாங்கிக் கொடுப்பது எங்களால் ஆகாது. உங்களால் ஆகும்.

கோபம் சற்று மிஞ்சிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த எச்சரிக்கையில் மாவட்டத்தின் பெயரையும் மறுபரிசீலனைத் தேதியையும் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சுற்றுலாவை நம்பிப் பிழைப்போர்