பலகையின் முதல் வரியில் மலைமக்கள் வைத்த பெயர்

நீலகிரியில் சாலைகளிலும் சுற்றுலா இடங்களிலும் பெயர்ப்பலகை வைக்கும் துறைகளின் அலுவலர்களுக்கு,

வணக்கம். கோடை சீசனுக்காகப் பலகைகளுக்கு மறுபடி வண்ணம் அடிக்கும் நேரம் வந்துவிட்டது. இந்த முறையும் பழைய எழுத்தின் மேலேயே தூரிகை ஓடிவிடக் கூடாது. தோடர், கோத்தர், படுகர், இருளர், குறும்பர் வைத்த பெயர்களை முதல் வரியில் எழுதுங்கள். ஆங்கிலப் பெயர் கீழே சிறிதாக இருக்கட்டும்.

குன்னூர் அருகே வெலிங்டன் எந்த ஊரின் மேல் எழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஜெகதளா இன்றும் பேரூராட்சியாக இருக்கிறது. வழிகேட்டு வருபவர்களுக்குத்தான் தெரியாது. படுகர்களின் கெத்தெஹாட ஹள்ளா, கோத்தகிரிக்குக் காபி கொண்டுவந்த காக்பர்னின் மனைவி பெயரால் கேத்தரின் அருவி ஆனது. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே உள்ள மஞ்சக்கல் மந்து (மந்து என்றால் தோடர் ஊர்) வெறும் ‘கார்டன் மந்து’.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள், படுகர் ஊரான ஹட்டி ஒன்றிலிருந்து 108ஐ அழைத்துப் பார்க்கட்டும். வீட்டார் சொல்வது ஹட்டியின் பெயர். ஓட்டுநரின் வரைபடத்தில் அதே இடம் எஸ்டேட் பெயரிலோ, ஆங்கில எழுத்துக்கூட்டு வழியாகத் திரிந்த தமிழிலோ இருக்கும். பிரிவுச் சாலையில் நிற்பதோ ரிசார்ட் பலகை. மூடுபனியில் ஒரு பிரிவைத் தவறவிட்டால், குறுகிய மலைப்பாதையில் வண்டியைத் திருப்ப இடம் தேடியே வெகுதூரம் போக வேண்டும். பிரசவ வலியில் துடிப்பவளுக்கு அந்த நேரத்தை யார் திருப்பித் தருவது? பட்டாவில் ஓர் எழுத்து, குடும்ப அட்டையில் வேறு எழுத்து என்று சாதிச் சான்றிதழுக்கு அலைவது தனி வேதனை.

ஆங்கிலத்தை அழித்துவிட்டு ஏட்டுத் தமிழை ஒட்டுவதும் தீர்வாகாது. 1821இல் ஒரு கடிதத்தில் ‘வோட்டக்கிமண்ட்’ என்று பதிவான தோடர் ஊர், ஊட்டகமண்ட் ஆகி, உதகமண்டலம் ஆயிற்று. மண்டலத்தில் மந்து எங்கே போனது? 2020இல் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றிய அரசாணை சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டதையும் மறக்க வேண்டாம். அதில் மாறியவை ஆங்கில எழுத்துகள் மட்டுமே.

செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தந்த மந்திலும் ஹட்டியிலும் கோத்தர் ஊரான கோக்காலிலும் பெரியவர்கள் சொல்லக் கேட்டு ஒலிப்பதிவு செய்வது. எழுதிக்கொண்டு வந்தால் மட்டும் போதாது. படுக மொழியின் ‘ஹ’வைத் தமிழில் விட்டுவிடுவதால்தான் கல்ஹட்டி ஒரு பலகையில் கல்லட்டி ஆகிறது. தோட மொழியின் பல ஒலிகளுக்குத் தமிழில் எழுத்தே இல்லை. எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று ஒருமுறை முடிவுசெய்து, எல்லாத் துறைகளும் அதையே பின்பற்ற வேண்டும். பிறகு ஊராட்சிகளில் கிராம சபைத் தீர்மானம், பேரூராட்சியிலும் நகராட்சியிலும் மன்றத் தீர்மானம், அதன் பிறகு அரசிதழ். வருவாய்ப் பதிவேடு, பேருந்துப் பலகை, 108 கட்டுப்பாட்டு அறையின் பட்டியல் ஆகியவை ஒரே நாளில் மாற வேண்டும். ஒன்று பின்தங்கினாலும் குழப்பம் இரட்டிப்பாகும். பழைய பெயர்களையும் தேடலில் இணைத்து வையுங்கள்.

பலகையில் இரண்டு பெயர்களுக்கு மேல் வேண்டாம். எழுத்து சிறுத்தால் பனியில் தெரியாது. ஒளி திருப்பும் தாளில்தான் எழுத்து இருக்க வேண்டும். சாதாரண வண்ணம் மழையில் சீக்கிரம் மங்கிவிடும்.

பழைய பெயர்களே மீளாதபோது, எருமை மேய்ந்த புல்வெளிகளுக்கு ‘ஷூட்டிங் பாயிண்ட்’ என்றும் ‘சிக்ஸ்த் மைல்’ என்றும் பெயர் சூட்டி, அதையே பலகையிலும் ஏற்றுகிறார்கள். 2024 மே 7 முதல் இ-பாஸ் வைத்து வரும் வண்டிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிகிற நிர்வாகத்துக்கு, அவை வந்து நிற்கும் இடத்தின் பெயரைச் சரியாக எழுத முடியாதா? சுற்றுலாப் பயணிக்கு வாயில் நுழையாது என்ற பதிலை ஏற்க மாட்டோம். 2637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா படுகப் பெயர்தான். பெயர் கடினம் என்று அங்கே ஏறாமல் திரும்பியவர் உண்டா?

சற்றுக் கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருளுங்கள். கோரிக்கை அதேதான்: முதல் வரி மலைமக்கள் வைத்த பெயருக்கு. மே 1 கிராம சபைக் கூட்டங்களின் பொருள் நிரலில் இதைச் சேர்க்குமாறும், அதுவரை ஆங்கிலப் பெயர் மட்டும் தாங்கிய புதிய பலகை எதையும் நடாமல் இருக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.