எந்தக் கணக்கில் எழுதுவது? ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர் அவர்களுக்கும், நிதிச் சந்தை ஒழுங்குமுறைத் துறையின் அதிகாரிகளுக்கும், திருப்பூரிலிருந்து ஒரு பழைய பனியன் ஏற்றுமதியாளன் வணக்கத்துடன் எழுதுவது.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், கம்பெனியை இப்போது நடத்திவரும் என் மகனைப் பார்க்க ஒரு வங்கியின் அதிகாரி வந்திருந்தார். அமெரிக்காவின் 50 சதவீத வரி 2025 ஆகஸ்ட் 27 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் கேட்ட தள்ளுபடியும், அந்த ஆண்டு டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியதும் சேர்ந்து, எந்த விலைக்கு ஆர்டர் எடுப்பது என்று எங்கள் ஊரில் பலருக்கும் பிடிபடாமல் போயிருந்தது. வந்தவர் பண்பானவர், என் மகன் வயதுதான் இருக்கும். மேசைமீது ஒரு வண்ணத் தாளை விரித்து, “இதுக்கு உங்களுக்கு ஒரு பைசா செலவில்லைங்க சார்” என்றார். மூலையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதன்பிறகு ஒரு வரிகூட ஓடவில்லை. 2007 அக்டோபரில், அதே அறையில், வேறொரு வங்கியின் வேறோர் இளைஞர் என்னிடம் சொன்ன வாக்கியம் அது. அதற்கு நான் கொடுத்த விலை ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய்.

அந்த நாட்களில் இங்கே நடந்ததைத் தங்களுக்கு விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2007 தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர், வெளிநாட்டு முதலீடு வெள்ளமாக வந்து சேர்ந்ததில் அக்டோபருக்குள் 40க்குக் கீழே இறங்கியது. பீசுக்கு நாலைந்து ரூபாய் நிற்கும் தொழிலில் அந்த நாலைந்து ரூபாயும் போயிற்று. டாலர் இன்னும் இறங்கும் என்று டீக்கடைவரை பேச்சாக இருந்தது. அந்தப் பயத்தின் வாசலில்தான் வங்கிகள் கடை விரித்தன.

நான் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆங்கிலத்தில் பல பக்கங்களுக்கு ஓடியது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான். குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரு டாலரின் விலை 1.06 ஸ்விஸ் பிராங்கைத் தொடாமல் இருந்தால், வங்கி எனக்கு 18,000 டாலர் கொடுக்கும். ஒரே ஒரு நொடி தொட்டுவிட்டாலும், சந்தை விலை என்னவாக இருந்தாலும் சரி, 2008 ஜூனில் 10 லட்சம் டாலரை டாலருக்கு 1.20 பிராங்க் கொடுத்து நான் வாங்கிக்கொள்ள வேண்டும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள்கூட இப்படியொரு பேரத்துக்குத் தலையாட்ட மாட்டார்கள். எனக்கு வந்த ஆர்டர்கள் டாலரிலும் யூரோவிலும் இருந்தன. ஸ்விட்சர்லாந்துக்கு நான் ஒரு பனியன்கூட அனுப்பியதில்லை. பிராங்க் நோட்டு என்ன நிறம் என்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பிராங்கை அசைத்தது எது என்பதைப் பிற்பாடுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். திருப்பிக் கட்ட வசதியில்லாதவர்களுக்கு அமெரிக்காவில் கொடுத்த வீட்டுக் கடன்களை மூட்டை கட்டி உலகமெங்கும் விற்றிருந்தார்கள். 2007 ஆகஸ்ட் 9 அன்று, அத்தகைய கடன்களில் பணம் போட்டிருந்த மூன்று நிதியங்களிலிருந்து யாரும் பணம் எடுக்க முடியாதபடி பி.என்.பி. பரிபா வங்கி நிறுத்திவைத்தது. செப்டம்பர் நடுவில் 5.25 சதவீதமாக இருந்த, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி வீதம் அடுத்த மார்ச்சுக்குள் 2.25க்கு இறங்கியது, வட்டி இறங்க இறங்க டாலரும் இறங்கியது. அதுவரை வட்டி மலிவான யென்னிலும் பிராங்கிலும் கடன் வாங்கி, வட்டி அதிகமாகக் கிடைத்த நாடுகளில் போட்டு வைத்திருந்தவர்கள், பயம் வந்ததும் போட்டதையெல்லாம் விற்றுக் கடனை அடைக்கக் கிளம்பினார்கள். அடைப்பதற்கு யென்னும் பிராங்கும் வேண்டும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும். ஆகவே இரண்டும் ஏறின. பிப்ரவரி கடைசியில் டாலர் என்னுடைய 1.06ஐத் தொட்டது. மார்ச்சில் அமெரிக்க முதலீட்டு வங்கியான பேர் ஸ்டெர்ன்ஸ் கவிழ்ந்தபோது ஒரு டாலருக்கு ஒரு பிராங்க்கூடக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் எவரோ கட்டத் தவறிய வீட்டுத் தவணை, நான் வாழ்நாளில் பார்த்திராத ஒரு நாணயத்தின்மேல் ஏறிக்கொண்டு திருப்பூர் மங்கலம் ரோட்டுக்கு வந்து சேர்ந்த வழி இது.

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். மளிகைக் கடை பாக்கிக்கும் சீட்டுத் தவணைக்கும் இந்த ஊரில் சனிக்கிழமையே கெடு. 2008 ஜூனில் ஒரு சனிக்கிழமை காலை, சம்பளத்துக்குப் பணம் எடுக்க வங்கிக்குப் போன எங்கள் கணக்குப்பிள்ளை வெறும் பையோடு திரும்பினார். ஜெர்மனிக்கு அனுப்பிய சரக்குக்காக முந்தைய நாள் வந்திருந்த தொகை முழுவதையும் பிராங்க் நட்டத்துக்கு வரவு வைத்துக்கொண்டு, மீதிக்கு என் கணக்கில் பற்று எழுதி வைத்திருந்தார்கள். கட்டிங் மாஸ்டரும் டெய்லர்களும் செக்கிங் பெண்களும் கைமடிப் பிள்ளைகளும் மாலை ஆறரைக்கு வழக்கம்போல வரிசையில் வந்து நின்றார்கள். இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு நூல் வியாபாரியிடம் கைமாற்று வாங்கிவந்து பாதிப் பாதியாகக் கொடுத்தேன். பதினொரு ஆண்டுகளாக எங்களிடம் தைத்துவந்த ஒருவர், “பையர் இன்னும் பணம் போடலீங்களாண்ணா?” என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். பையர் சொன்ன தேதியில் போட்டுவிட்டார். நாங்கள் சொன்ன தேதியில் சரக்கு அனுப்பினோம். டெய்லர்கள் நாங்கள் சொன்ன அளவில் தைத்தார்கள். யாரும் எந்தத் தவறும் செய்யாத ஒரு வாரத்தின் கூலி எங்கே போயிற்று என்று அந்த மனிதருக்கு விளக்க எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை கணக்குப்பிள்ளை பேரேட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். நூல் கொள்முதல், நிட்டிங் கூலி, சாயக்கூலி, காஜா பட்டன், அட்டைப்பெட்டி, லாரி வாடகை, கரண்ட் பில் என்று இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் கையால் தலைப்பிட்ட பக்கங்கள். “இதை எந்தக் கணக்குல எழுதறதுங்க?” என்றார். வெகுநேரம் பார்த்துவிட்டு, புதுப் பக்கம் ஒன்றில் ‘பிராங்க்’ என்று மட்டும் எழுதச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் வரவுப் பக்கம் கடைசிவரை வெறுமையாகவே இருந்தது.

செப்டம்பரில் இன்னோர் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்ததும், முன்பு ஏறிய ரூபாய் தலைகீழாகி டாலர் 50 ரூபாய்க்குப் போனதும், டாலரை 40க்கு முன்கூட்டியே விற்று வைத்திருந்தவர்கள் அந்த ஏற்றத்தையும் வேடிக்கை பார்த்ததும் தங்களுக்குத் தெரிந்த கதை.

நான் தங்களிடம் கேட்பது ஒரே ஒரு பக்கம். அந்நியச் செலாவணி தொடர்பான எந்த டெரிவேட்டிவ் ஒப்பந்தமானாலும் (நான் போட்டதுபோல, நாணய விலையின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் போடுவது), ஏற்றுமதியாளர் கையெழுத்திடுவதற்கு முன்பு, நிலைமை எவ்வளவு மோசமாகப் போனால் அவர் எத்தனை ரூபாய் இழப்பார் என்பதை அவருடைய தாய்மொழியில், எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, வங்கி அதிகாரி தம் கையெழுத்தையும் போட்டுக் கொடுக்கும் ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். இழப்புக்கு எல்லை இல்லையென்றால் ‘எல்லை இல்லை’ என்றே பெரிய எழுத்தில் எழுதட்டும். அந்தப் பக்கம் இல்லாத ஒப்பந்தத்தைக் காட்டி வாடிக்கையாளரின் கணக்கில் கை வைக்கக் கூடாது என்றும் உத்தரவிடுங்கள். வங்கிக் கிளையின் பெயர்ப்பலகையும் அறிவிப்பும் மக்களுக்குப் புரிய வேண்டும் என்று மும்மொழி விதி வைத்தவர்கள் தாங்கள்தான். ஐந்நூறு ரூபாய் கட்டுகிறவனுக்குத் தமிழ் வேண்டும், 10 லட்சம் டாலருக்குப் பொறுப்பேற்கிறவனுக்கு ஆங்கிலம் போதும் என்பது என்ன கணக்கோ எனக்கு விளங்கவில்லை.

விதியே இல்லை என்றால்கூட மனம் ஆறும். 2007 ஏப்ரலிலேயே, டெரிவேட்டிவ் ஒப்பந்தம் வாடிக்கையாளருக்குப் பொருத்தமானதா என்று ஆராய்ந்த பிறகே விற்க வேண்டும் என்று தாங்கள் விரிவான நெறிமுறை வெளியிட்டிருந்தீர்கள். நான் கையெழுத்திட்டது அதற்கு ஆறு மாதம் கழித்து. 2011 ஏப்ரலில், அந்த நெறிமுறைகளை மீறியதற்காக 19 வங்கிகளுக்குத் தலா 5 லட்சம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதித்தீர்கள். பத்தொன்பதுக்கும் உச்ச அளவே விதித்ததாக வைத்துக்கொண்டாலும் 2 கோடியே 85 லட்சம். என்னைப்போல் ஐந்து பேர் இழந்ததைக் கூட்டினாலே அதைத் தாண்டிவிடும். எங்கள் கம்பெனியில் டேமேஜ் பீசுக்கு பையர் பிடிக்கும் தொகைகூட, தவறின் அளவைப் பார்த்து இதைவிடக் கண்டிப்பாக இருக்கும்.

நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். 2008 அக்டோபரில் ஒரு சர்க்கரை ஆலை தொடுத்த வழக்கில், இத்தகைய ஒப்பந்தம் சூதாட்டமல்ல, சட்டப்படி செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டம் அப்படியே இருக்கட்டும். கையெழுத்துக்குப் பின்னால் நீதிமன்றத்தில் கிடைக்காதது கையெழுத்துக்கு முன்னால் ஒழுங்குமுறையில் கிடைக்க வேண்டும் என்பதால்தான் தங்களிடம் வருகிறேன். தென்கொரியாவிலும் இதே காலத்தில், ‘கிக்கோ’ என்று பெயரிட்ட இதுபோன்ற நாணய ஒப்பந்தங்களால் நூற்றுக்கணக்கான சிறு ஏற்றுமதி நிறுவனங்கள் பெரும் நட்டம் அடைந்தன. அங்கும் 2013இல் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் நியாயமற்றதல்ல என்றது. ஆனாலும் அந்நாட்டு நிதி மேற்பார்வை அமைப்பு கோப்பை மூடிவிடவில்லை. 2019 டிசம்பரில், விற்ற முறையில் இருந்த குறையைச் சுட்டி, நான்கு நிறுவனங்களுக்கு அவற்றின் இழப்பில் 15 முதல் 41 சதவீதம் வரை வங்கிகள் ஈடு தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நான் ஈடு கேட்கவில்லை. ஒரு பக்கம் கேட்கிறேன்.

வேறொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2013 மே 22 அன்று ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னாங்கி, பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்க நேரலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னதற்கே, 55 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் இறுதியில் 68ஐத் தாண்டியது. அடுத்த ஜனவரியில், அப்போதைய ஆளுநர் ரகுராம் ராஜன், பணக்கொள்கையில் நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பே முறிந்துவிட்டது என்று வெளிப்படையாகக் குறைப்பட்டார். தங்கள் முடிவு பிற நாடுகளில் என்ன செய்யும் என்பதையும் பெரிய நாடுகள் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். முழுக்க நியாயமான வாதம். வாஷிங்டனிடம் மும்பை கேட்ட அதே நியாயத்தை மும்பையிடம் திருப்பூர் கேட்கும்போது மட்டும், ‘விதிமுறைகளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும்’ என்ற பதில் போதுமானதாகிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் அதிர்ச்சியைத் தாங்க நாட்டுக்கு அந்நியச் செலாவணிக் கையிருப்பு வேண்டும் என்று தாங்கள் சேர்த்தது 2024 செப்டம்பரில் 70,000 கோடி டாலரைக் கடந்தது; நல்லது. எங்கள் கையிருப்பு, நூல் கடைக்காரர் கொடுக்கும் முப்பது நாள் தவணை. எங்களைப் போன்றவர்களுக்கும் உலகச் சந்தையின் அலைகளைச் சமாளிக்கத் தெரிய வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள், ஒரு தடவையாவது சனிக்கிழமை மாலை ஆறரைக்கு இங்கே வந்து அந்த வரிசையின் முன் நின்று பேசலாம். கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

என் பங்கையும் மறைக்க விரும்பவில்லை. 18,000 டாலர் சும்மா வருகிறது என்றதும் கை நீட்டியவன் நான். பையர் ஒருவர் இப்படிச் சும்மா பணம் தருகிறேன் என்றிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். வங்கி என்றதும் ஒன்றும் கேட்கவில்லை. அண்மை ஆண்டுகளில் எங்களைப் போன்ற சிறு வாடிக்கையாளர்களைச் ‘சில்லறைப் பயனாளர்’ என்று தனியாகப் பிரித்து, அவர்களுக்கு எதை விற்கலாம் என்று தாங்கள் வரையறுத்திருப்பதையும், சிறியவர்களும் நியாயமான விலையில் டாலர் வாங்க விற்க 2019இல் தனித் தளம் திறக்கப்பட்டதையும் நன்றியோடு சொல்கிறேன். ஆனால் விதி மும்பையில் இருக்கிறது, வண்ணத் தாள் என் மகனின் மேசைமீது இருக்கிறது. இடையில் இருக்கும் தூரத்தைக் கடக்கத்தான் அந்த ஒரு பக்கம்: தாய்மொழியில், ரூபாயில், உச்ச இழப்பு இவ்வளவு என்று, வங்கியின் கையெழுத்தோடு.

அந்த அதிகாரி வரும் திங்கட்கிழமை மறுபடியும் வருகிறார். தாளில் உள்ளதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதித் தரச் சொல்லி என் மகன் தொலைபேசியில் கேட்டான். “அப்படி ஒரு ஃபார்மட் எங்களுக்கு வரலீங்க சார், வந்தா கண்டிப்பா தர்றேன்” என்று அவர் பணிவாகச் சொன்னாராம். அந்த ஃபார்மட்டை அனுப்பக்கூடியவர்கள் தாங்கள் மட்டுமே. அருள்கூர்ந்து அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு பனியன் ஏற்றுமதியாளன்,
திருப்பூர்