ஜூலிக்கு வந்த கட்டி

தண்டையார்பேட்டை

அன்புள்ள செல்வி,

பேத்திக்குக் காது குத்திய படங்கள் பார்த்தேன், கண்ணுக்கு நிறைவாக இருந்தது. எங்கள் நாய் ஜூலிக்கு உடம்பு சரியில்லாததால்தான் வர முடியவில்லை. குளிப்பாட்டும்போது பின்தொடைப் பக்கம் முலைக்காம்பை ஒட்டிச் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது.

"கர்ப்பப்பையைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எப்படி?" என்று கேட்டிருந்தாய். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நானும் அதையேதான் கேட்டேன். கருத்தடை ஆபரேஷனில் கர்ப்பப்பையும் சினைப்பையும் போகின்றன, பால் சுரக்கும் மடி அப்படியே இருக்கிறது. எந்த வயதில் செய்தோம் என்பதுதான் முக்கியம். ஆபரேஷன் செய்யாத நாய்க்கு மடியில் புற்று வரும் ஆபத்தை 100 என்று வைத்தால், முதல் ஹீட்டுக்கு, அதாவது முதல் தடவை பருவத்துக்கு வருவதற்கு, முன்பே செய்த நாய்க்கு அது 0.5தான். ஒரு ஹீட் கடந்தால் 8, இரண்டு கடந்தால் 26. இது 1969-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வின் கணக்கு. ஜூலியோ காசிமேட்டில் இரண்டு ஈற்று போட்ட பிறகு நம் வீட்டுக்கு வந்தவள்.

நாய்களுக்கு வரும் மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோய். தொட்டுப் பார்த்து எது புற்று, எது சாதாரணக் கட்டி என்று யாராலும் சொல்ல முடியாது. 3 சென்டிமீட்டரைத் தாண்டுவதற்குள் எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். நுரையீரலுக்குப் பரவும் என்பதால் முதலில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்லவேளை, அதில் ஒன்றுமில்லை. கட்டியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், ரிப்போர்ட் வர வேண்டும். தையல் போட்ட இடத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டியிருக்கிறோம். அதோடு கதவு, கட்டில் என்று முட்டிக்கொண்டு திரிகிறாள், பாவம்.

இனி உன் நாய் ரோஸி. ஆபரேஷன் செய்து இத்தனை வருஷம் கழித்து ஹீட் வந்த மாதிரி ரத்தம் கசிகிறது, ஆண் நாய்கள் வாசலில் நிற்கின்றன என்று எழுதியிருந்தாய். வயதானால் அப்படித்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாதே. சினைப்பையில் ஒரு துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம், அதிலும் கட்டி வளரலாம். பிறப்புறுப்பிலேயே கட்டி இருந்தாலும் ரத்தம் வரும். தெருநாய்களிடமிருந்து ஒட்டிக்கொள்ளும் ஒரு வகைப் புற்றுக்கட்டி உண்டு. சேர்க்கையில் மட்டுமல்ல, நக்குவதாலும் மோப்பம் பிடிப்பதாலும் தொற்றும். ஆபரேஷன் அதைத் தடுக்காது. ஆனால் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். எங்கள் தெருவில் ஒரு பெண் நாய் அப்படித்தான் குணமானது.

படுக்க வைத்து, நெஞ்சிலிருந்து தொடை வரை ஐந்து ஜோடிக் காம்புகளையும் விரலால் நீவிப் பார். மாதம் ஒரு தடவை பார்த்தாலே போதும். ஆனால் ரத்தக்கசிவுக்கு இந்த வாரமே டாக்டரிடம் காட்டு, தள்ளிப் போடாதே. ஸ்கேன் எடுத்ததும் எனக்குப் போன் பண்ணு, எந்த நேரமானாலும் சரி.

அன்புடன்,
மல்லிகா